அட்டை இல்லாத நாய்

வெள்ளிக்கிழமை என்றால் வெர்னின் உணவு விடுதியில் மீன் வறுவல். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் அன்று வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்களைச் சந்தேகமாகத்தான் பார்ப்போம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் மார்லிஸ் தன் வெள்ளைப் பூடில் நாயோடு உள்ளே வந்தாள். நாய்க்குச் சிவப்பு மேலங்கி, கழுத்தில் அட்டை, அட்டையில் தங்க முத்திரை. இணையத்தில் வாங்கியது. என் கல்யாணச் சான்றிதழ்கூட அவ்வளவு பளபளக்காது.

"சேவை நாய், வெர்ன். அட்டையைப் பாத்துக்கோ," என்றாள். உடம்புக் குறை உள்ளவர்களுக்கு உதவப் பழக்கிய நாயைத்தான் அப்படிச் சொல்வார்கள்; அதை எங்கும் உள்ளே விடவேண்டும் என்பது சட்டம்.

வெர்ன் அட்டையைப் பார்த்தார், மரியாதையாக மேசை காட்டினார். பூடில் பக்கத்து மேசைக்காரரின் மாட்டிறைச்சியைத் தட்டோடு இழுத்துத் தின்றது. பிறகு எகிறி, சுவரில் பாடம் செய்து மாட்டியிருந்த மீனின் வாலைக் கவ்வியது. அந்த மீன் செத்துப் பல வருஷமாகிறது. ஆனாலும் அன்றிலிருந்து அதன் முகத்தில் ஒரு கலவரம் தெரிகிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

சேவை நாயே ஆனாலும், அடங்காவிட்டால் வெளியே அனுப்ப வெர்னுக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ மறுநாள் கதவில் ஒரு பலகை மாட்டினார்: 'அடையாள அட்டை இல்லாத நாய்களுக்கு அனுமதி இல்லை.' அட்டை வைத்திருந்த நாய் செய்த அட்டகாசத்துக்கு அட்டை இல்லாத நாய்களுக்குத் தண்டனை. ஊரில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

ஜனவரியில் ஆர்லோவின் மனைவி லவோன் இறந்துபோனாள்.

ஆர்லோ படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவர். வெர்னோடு சின்ன வயதிலிருந்தே ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடித்தவர். அவருக்கு நெடுநாள் சர்க்கரை வியாதி. இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், வியர்க்கும். ஆர்லோவுக்கு அந்த உணர்வே போய்விட்டது. லவோன்தான் அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து ஜூஸ் டம்ளரை நீட்டுவாள். தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவள் முதலில் செய்த காரியம், தன் இடத்துக்கு ஓர் ஆள் தேடியது. அப்படி வந்ததுதான் பிக்கிள். ஒரு காது மடங்கிய பழுப்பு நாய், பார்வைக்கு விசேஷம் ஒன்றும் இல்லை. சர்க்கரை இறங்குவதை மோப்பத்திலேயே அறிந்து, அவர் முழங்காலில் பாதத்தை வைத்து அழுத்தப் பழக்கப்பட்டது.

இதெல்லாம் ஊரில் யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் தன் நோயைப் பற்றிப் பேசுவது, சட்டை இல்லாமல் சர்ச்சுக்குப் போவது மாதிரி.

குளிர்காலத்தில் எங்கள் மண் இரும்பு. குழி வெட்ட முடியாது. பிரார்த்தனையை முடித்து, பெட்டியைக் கல்லறைக் கிடங்கில் வைத்துவிட்டு, வசந்தம் வரக் காத்திருப்போம். சாப்பாடு மட்டும் காத்திருக்காது. வெர்னின் விடுதியில் இரங்கல் விருந்து. ஆளாளுக்குச் சூடான பாத்திரத்தோடு வாசலில் வரிசை. பச்சை ஜெல்லியில் கேரட்டைத் துருவிப் போட்டு அதைச் சாலட் என்று கூசாமல் சொல்கிற ஊர் எங்களுடையது.

வரிசையில் ஆர்லோ பிக்கிளோடு வந்தார். வெர்ன் அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு கீழே பார்த்தார்.

"ஆர்லோ, நாய்..."

"இது எனக்கு வேலை செய்யற நாய் வெர்ன்."

"மார்லிஸும் இதையேதாண்டா சொன்னா. அட்டை இருக்கா?"

"அப்படி ஒண்ணு கிடையாதுப்பா. சட்டத்துல அது வேணும்னு இல்ல."

"பலகையில இருக்கே. உனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயம்னு நான் எப்படிடா நடந்துக்க முடியும்?"

பின்னால் பாதிரியார் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை ஏந்திக் கை சுட நின்றிருந்தார். மனைவியின் விருந்தில் வாசலை மறித்துச் சண்டை போடும் ஆளா ஆர்லோ? திரும்பி நடந்தார்.

வண்டியில் ஏற்றும்போதே பிக்கிள் அவர் முழங்காலில் பாதத்தை வைத்து அழுத்தியது. காலையிலிருந்து அவர் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. "தெரியுதுடி, எனக்கும்தான் உள்ள போகப் பிடிக்கல," என்றார் ஆர்லோ. அது தன்னை விட்டுப் போகாதே என்கிறது என்று நினைத்துவிட்டார். நாய் விறைத்துவிடாமலிருக்க எஞ்சினை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மூலை மேசையில் உட்கார்ந்தார். வெளியே பிக்கிள் குரைத்தது. ஸ்டியரிங்மேல் தாவித் தாவி ஹாரனையும் அடித்தது.

"பாத்தீங்களா?" என்றார் வெர்ன். "உண்மையான சேவை நாய்னா இப்படியா கத்தும்?"

"ஓட்டுநர் உரிமம் இருக்கான்னு கேளு வெர்ன்," என்றார் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

ஆர்லோவின் தலை மெல்லத் தொங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். துக்கத்தில் இருக்கிறவனைத் தனியே விடுவதுதான் எங்கள் மரியாதை. அவர் மேசையைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருத்தி சத்தமில்லாமல் ஒரு துண்டு கேக்கை வைத்துவிட்டு நகர்ந்தாள். அவ்வளவு மரியாதைக்கு நடுவில், தொட்டுப் பார்க்க ஒரு கை நீளவில்லை.

துக்கம் விசாரித்தவர்களிடமிருந்து விடுபட்டு ஆர்லோவின் மகள் ஜோடி வந்தபோது ஹாரன் ஓய்ந்திருந்தது. "அப்பா தனியா இருக்காரே, பிக்கிள் எங்க?" என்றாள். யாரோ வாசலைக் காட்டினார்கள். அவள் தட்டைப் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினாள்.

வண்டிக் கதவைத் திறந்ததும் பிக்கிள் நேரே மூலை மேசைக்கு ஓடி, அவர் முழங்காலில் பாதத்தை வைத்தது. அழுத்தியது. மறுபடி அழுத்தியது. ஆர்லோ நாற்காலியிலிருந்து சரிந்தார்.

உயிர் பிழைத்தது. ஆனால் சர்க்கரை கிடைக்காமல் மூளை பட்டினி கிடந்த நேரம் அதிகம் என்றார்கள் மருத்துவர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வெர்ன் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேட்டீங்களா வெர்ன்?" என்றாள் ஜோடி. "சட்டம் உங்களுக்கு ரெண்டே கேள்விதான் குடுத்திருக்கு. உடம்புக் குறைக்காக வச்சிருக்கற சேவை நாயா? அது என்ன வேலை செய்யப் பழகியிருக்கு? அந்த ரெண்டையும் விட்டுட்டு, கேக்கக்கூடாததைக் கேட்டீங்க."

ஆர்லோ வீடு திரும்பினார். தினமும் காலையில் "லவோன் எங்க?" என்று கேட்டார். ஜோடி உண்மையைச் சொன்னாள். அவர் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல அழுதார். மறுநாள் மறுபடி கேட்டார், மறுபடி அழுதார். பிறகு ஜோடி, "கடைக்குப் போயிருக்காங்கப்பா," என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

மே மாதம் ஏரியில் பனி உடைந்து மண் இளகியது. லவோனை அடக்கம் செய்தார்கள். யாரோ தெரியாதவருக்குக் காட்டும் மரியாதையோடு ஆர்லோ தொப்பியைக் கழற்றினார். சாப்பாடு மறுபடியும் வெர்னின் விடுதியில். கதவில் பலகை இல்லை. அது இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

வாசலில் ஆர்லோ நின்றுவிட்டார். என்னென்னவோ மறந்த மனுஷனுக்கு அந்த வாசல் மட்டும் எப்படியோ நினைவிருந்தது. சட்டைப் பையைத் தடவினார்.

"வெர்ன், அட்டை இல்லப்பா. இவளை வண்டியில விட்டுட்டு வந்துடறேன். நீ கோவிச்சுக்காத."

ஜோடி பிக்கிளின் கழுத்தைக் காட்டினாள். "அட்டை இருக்குப்பா. நான் மாட்டிவிட்டேன்." வெர்னைப் பார்த்து, "சட்டம் கேக்கல. இனி யாரும் வாசல்ல நிறுத்தக்கூடாதேன்னுதான்," என்றாள்.

"மாட்டறதும் மாட்டாததும் உன் இஷ்டம்மா. கேக்கற உரிமைதான் எனக்கு இல்ல." வெர்ன் ஆர்லோவின் முன்னால் குனிந்தார். "ஆர்லோ, அன்னிக்குக் கேக்க வேண்டியதை இப்பக் கேக்கறேன்டா. இந்த நாய் உனக்கு என்ன வேலை செய்யுது?"

ஆர்லோ யோசித்தார். பிக்கிளின் மடங்கிய காதை நீவிவிட்டார்.

"லவோன் கடைக்குப் போயிருக்கா. அவ வர்ற வரைக்கும் என்னைப் பாத்துக்குது."

பின்னால் பாத்திரங்களோடு வரிசை அசையாமல் நின்றது. வெர்ன் கதவை அகலத் திறந்து முதுகால் முட்டுக்கொடுத்தபடி அவர்களைப் பார்த்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. காசு குடுத்தா எந்த நாய்க்கும் அட்டை கிடைக்கும். வேலை தெரிஞ்ச நாய்க்கு அது தேவையே இல்ல. என்ன வேலை செய்யுதுன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா இவன் சொல்லியிருப்பான். நான் அட்டையைக் கேட்டேன். உள்ள வர்றது அவனோட உரிமை, நான் போடற பிச்சை இல்லன்னு எனக்குப் புரியறதுக்கு, இவன் தன் பொண்டாட்டி செத்ததையே மறக்க வேண்டியிருந்துச்சு."

பிக்கிள் உள்ளே போனது. அதன் பின்னால் ஆர்லோ போனார்.