முதிர்வு வரை

...விற்றால்தானே நஷ்டம், விற்காத வரைக்கும் அது வெறும் விலை, விலை என்றால் ஏறும் இறங்கும், அதற்குப் போய் யாராவது டிவியையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா, உலகநாதன் உட்கார்ந்திருந்தான். தெலுங்கு தேசத்தில், பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த போலாரத்தில் அந்தக் கூட்டுறவு பேங்க்கின் தலைமை ஆபீஸ், மாடியில் அவனுடைய கண்ணாடி அறை, சுவரில் சத்தத்தை அடக்கி வைத்த டிவி, மணி ஒன்பது நாற்பது. பத்து மணிக்கு மும்பையிலிருந்து வட்டி விகிதத்தைச் சொல்லிவிடுவார்கள். குறைப்பார்களா? குறைத்தால் நல்லது, குறைக்காவிட்டால்... குறைக்காவிட்டாலும் நாம் ஒன்றும் விற்கப் போவதில்லையே, பிறகென்ன. ஏழெட்டு மாசமாக இதையேதான் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான், பல் தேய்க்கும்போது, சைனிக்புரியிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போது, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கொண்டு, சோறு பாட்டுக்கு ஆறிக்கொண்டிருக்கும். சோறு இறங்கினால்தானே. முதலீட்டு மேனேஜர் என்று கதவில் பித்தளையில் பேர் அடித்துத் தந்திருக்கிறார்கள், அந்தப் பேரைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

போன மே மாசம் யார் கண்டது, வட்டி இறங்கிக்கொண்டே போகும் என்று டிவியில் கோட்டு போட்டவனெல்லாம் சொன்னான், வட்டி இறங்கினால் பழைய பத்திரத்துக்கு விலை ஏறும், வட்டி ஏறினால் விலை இறங்கும், இந்தத் தொழிலே இவ்வளவுதான். தொண்ணூறு கோடி, அத்தனையும் டெபாசிட்காரர்கள் பணம், முப்பது வருஷம் நாற்பது வருஷம் ஓடுகிற சர்க்கார் பத்திரத்தில் போட்டான். சர்க்கார் ஏமாற்ற மாட்டான், பணம் முழுசாகத் திரும்பி வரும், இரண்டாயிரத்து அறுபத்தைந்தில் வரும். சேர்மன் முதுகில் தட்டி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார், அதையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டு போய் நீலா கையில் கொடுத்தான். ஜூனில் வட்டியைக் குறைக்கத்தான் செய்தார்கள், ஆனால் கூடவே தோரணையை மாற்றிவிட்டார்கள், இதுவரை 'இன்னும் குறைப்போம்' என்கிற மாதிரி பேசியவர்கள் 'இனி பார்க்கலாம்' என்கிற மாதிரி பேசினார்கள், அவ்வளவுதான், பேச்சில் ஒரு சொல், அதைப் பிடித்துக்கொண்டு நீளமான பத்திரத்தின் விலை சரிய ஆரம்பித்தது. அப்புறம் அமெரிக்காக்காரன் வரி போட்டான், ரூபாய் இறங்கியது, மாநிலங்கள் கடன் மேல் கடன் வாங்கின. மும்பையில் சொல்கிற கொள்கை வட்டி கீழே கிடக்க, சந்தை வட்டி தன் பாட்டுக்கு மேலே போகிறதே, ஏன்? பெரிய பெரிய பொருளாதார மேதைகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அடித்துக்கொள்ளட்டும், அவர்களுக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துவிடும். இன்றைய விலைக்கு விற்றால் ஏழு கோடியே எண்பது லட்சம் காலி. பேங்க்கின் சொந்தப் பணமே மொத்தம் பதினோரு கோடிதான்.

அதனால்தான் கணக்குப் புத்தகத்தில் அந்தத் தலைப்பு. 'முதிர்வு வரை வைத்திருப்பவை'. அதன் கீழே எழுதிவிட்டால் வாங்கிய விலையையே எழுதலாம், சட்டமே அப்படித்தான், ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார், ஒரு பிழையும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, ஜனங்கள் மொத்தமாக வந்து பணத்தைக் கேட்கக் கூடாது. ஒரு நாளைக்கு நாலு கோடி வரைக்கும் கேட்டால் கையிருப்பு தாங்கும், அதற்கு மேல் போனால் பத்திரத்தை விற்றுத்தான் கொடுக்க வேண்டும், விற்ற நிமிஷமே நஷ்டம் நிஜமாகிவிடும், அப்புறம் பேங்க் வாசலில் நோட்டீஸ், ஆளுக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் இன்ஷூரன்ஸ், மிச்சத்துக்கு வாயைப் பொத்திக்கொண்டு போக வேண்டியதுதான். வெளியில் மூச்சு விடக் கூடாது என்று சேர்மன் சொல்லியிருக்கிறார். அவன் விடவில்லை. நீலாவிடம்கூடச் சொல்லவில்லை, அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

கதவைத் தட்டிவிட்டு வந்தது ரிட்டயர்டு சுபேதார் அப்துல் ரஹீம், எண்பதை நெருங்குகிற மனுஷர், பக்கத்துத் தெரு, வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து சலாம் வைத்துவிட்டுப் போகிறவர், எப்போதும் பட்டாளத்து ஹிந்திதான். இன்றைக்குக் கையில் டெபாசிட்டை முறிக்கிற ஃபாரம் இருந்தது, பூர்த்தி செய்து கையெழுத்தும் போட்டிருந்தார். இருபத்திரண்டு லட்சம், பென்ஷன் மிச்சமும் ஒரு பிளாட் விற்ற பணமும், அவருக்கும் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பீவிக்கும் அதுதான் எல்லாம். மசூதியில் யாரோ என்னவோ சொன்னார்களாம், பேட்டா, நீ சொல்லு, என் பணத்துக்கு ஒன்றும் ஆகாதே, என்று ஹிந்தியில் கேட்டார். குச் நை ஹோதா சாப், என்று உலகநாதன் சொன்னான், எவ்வளவு லேசாக வந்தது, நாக்குக் கூசவில்லை, குச் நை ஹோதா, ஒன்றும் ஆகாது, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பெரியவர் ஃபாரத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். டீ வரவழைத்தான். பத்து மணி. டிவியில் கீழே எழுத்து ஓடியது, மாற்றம் இல்லை. பத்திரம் இன்னும் எட்டுப் பைசா இறங்கியது, பரவாயில்லை, எட்டுப் பைசாதானே, பிழைத்தோம், இன்றைக்குப் பிழைத்தோம் என்று நினைக்கும்போதே போன் அடித்தது.

சைனிக்புரி கிளையிலிருந்து மேனேஜர் பத்மஜா. ஏமைந்தி சார், என்ன ஆச்சு இன்றைக்கு, என்று தெலுங்கில் படபடத்தாள், வாரத்துக்கு இரண்டு பேர் டெபாசிட்டை முறிக்க வந்தால் பெரிசு, திறந்து அரை மணி நேரத்தில் பதினாலு பேர், எல்லாம் லேடீஸ், காலனியில் காலையில் சேர்ந்து வாக்கிங் போகிறவர்கள், இரண்டே கால் கோடி போய்விட்டது, வாசலில் இன்னும் நிற்கிறார்கள், என்ன சொல்லி அனுப்பட்டும். அவன் குறுக்கே புகுந்தான். முதலில் வந்தது யார், யார் கிளப்பிவிட்டது? அவள் கொஞ்சம் தயங்கினாள். சார், முதல் டோக்கன் நம்ம மேடம்தான், உங்கள் மிஸஸ், உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்.

நீலாவா? டீச்சர் வேலை பார்த்துச் சேர்த்த பதினெட்டு லட்சம், பாவிமகள், புருஷன் வேலை பார்க்கிற பேங்க்கில் முதல் ஆளாய்ப் போய் நின்றிருக்கிறாளே, நம் வீட்டிலிருந்தா கிளம்பியது இது, கேட்கிறேன், இரு, நறுக்கென்று கேட்கிறேன்... நம்பரைப் போட்டான். எதிரே பெரியவர் இருந்தால் இருக்கட்டும், பதினாறு வருஷமாக இந்த ஆபீசில் அவனைத் தவிர ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது, தமிழில் பேசினால் கதவைத் தாழ்போட்ட மாதிரி. நீலா எடுத்தாள். நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தான்.

"நீலா, ரூவா கைக்கு வந்துட்டா?"

"ம். வேற பேங்க்ல உள்ள ஸ்கூல் சம்பள அக்கவுண்டுக்கு மாத்திட்டேன். மெசேஜும் வந்துட்டு," என்றாள். "ஏசுவியளோன்னு நெனச்சேன்."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போன வாரம் அரியர்ஸ் வந்ததும், நம்ம பேங்க்லயே போட்டுரவான்னு கேட்டேம்லா, ஒன் இஷ்டம்னிய. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து துட்டு விஷயத்துல ஒருநாளாவது அப்படிச் சொல்லிருக்கியளா? எனக்கு அன்னைக்கே திக்குன்னு இருந்துச்சு. வாக்கிங்ல ப்ரியாட்ட மட்டுந்தான் சொன்னேன்."

ஒன் இஷ்டம். அப்படியா சொன்னோம், எப்போது, தோசையைப் பிட்டுக்கொண்டே சொல்லியிருப்போம், ஒரு சொல், ஒரே ஒரு சொல், அதற்குப் பதினாலு பேரா... கோபம் வர வேண்டும், எங்கே அது, தேடிப் பார்த்தான், இல்லை. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி ஒரு மூச்சுத்தான் வந்தது, "நல்ல காரியம் செஞ்ச, பூராத்தையும் எடுத்துட்டல்லா, அதுபோதும்," என்று அவன் வாய் சொன்னது, சிரித்துக்கொண்டுகூடச் சொன்னது, போனை வைத்தான்.

பெரியவர் டீயைப் பாதியில் கீழே வைத்திருந்தார்.

"நமக்கு மேலப்பாளையம் தம்பி," என்றார், தமிழில், அச்சு அசல் திருநெல்வேலித் தமிழில். "பட்டாளத்துக்கு வந்து அறுவது வருஷம் ஆவப்போவுது. நீங்க நம்ம பக்கம்னு தெரியாமப்போச்சே, இத்தன நாளு வாய் நெறையப் பேசிருக்கலாம்." குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "அதயே இப்ப நம்ம பேச்சுல சொல்லுங்க. என் ரூவாய்க்கி ஒண்ணும் ஆவாதுல்லா?"

ஆகாது என்று சொல்ல வேண்டும், மூணே எழுத்து, இவர் ஒருத்தர் எழுந்து போய்த் தெருவில் சொன்னால் மசூதியோடு நிற்காது, மத்தியானத்துக்குள் நாலு கோடி தாண்டிவிடும், சொல்லு, சற்று முன்னால் எவ்வளவு லேசாகச் சொன்னாய், அதே ஆள்தானே, அதே பொய்தானே, ஏன் வர மாட்டேன் என்கிறது, நீலாவிடம் பேசின அதே வாயால் என்பதாலா, அவளுடையது பத்திரமாகிவிட்டது என்பதாலா...

"ஒங்க இஷ்டம், பெரியவரே," என்றான்.

சொன்னது தானேதான் என்று அவனுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. பெரியவர் தலையை மெதுவாக ஆட்டினார், மேஜை மேலிருந்து புது ஃபாரம் ஒன்றைத் தானே உருவிக்கொண்டார், பேனாவுக்குக் கை நீட்டினார், அவன் கொடுத்தான். போன் மறுபடி அடித்தது, பத்மஜாதான், அடித்துக்கொண்டே இருந்தது. பத்திரத்தை இன்றைக்கே விற்றாக வேண்டும், அது தெரிந்துவிட்டது, அடுத்து சேர்மனிடம் போக வேண்டும், என்னென்னவோ இருக்கிறது, ஆனால் உலகநாதனுக்கு எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் நன்றாகப் பசித்தது.