மூன்றாம் கவுண்டரில் மட்டும்

எங்கள் குழுவில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். நாற்பது வயதுவரை தையல் வேலை பார்த்துவிட்டு, கணினி படித்து, ஆறு மாதம் முன்புதான் எங்களிடம் சேர்ந்தாள். வந்த நாளிலிருந்து "ஏன் சார்?" என்றே என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருளை எழுதிக் கொடுத்திருந்தேன். நான்கு கவுண்டர்களில் மூன்றாவதில் மட்டும் கோளாறு. ஒருவர் பெயரின் வாலில் அடுத்தவர் பெயர் ஒட்டிக்கொள்ளும். கணினியை மாற்றினோம், கீபோர்டை மாற்றினோம். கோளாறு சட்டமாக உட்கார்ந்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் அம்மாவை முதல் கவுண்டருக்கு மாற்றிப் பார்த்தோம். அது அவர் பின்னாலேயே போனது.

இதற்குமேல் என்ன வேண்டும்? ‘தவறு பயன்படுத்துபவருடையது’ என்று நான் அறிக்கை கொடுத்தால் போதும், திங்கட்கிழமையிலிருந்து அந்த அம்மா அடித்தளத்தில் பழைய கோப்புகளை அடுக்கப் போய்விடுவார்.

"ஏன் சார், அவங்க மட்டும் என்ன வித்தியாசமா செய்யறாங்க?"

"தப்பா செய்யறாங்க. அதான் வித்தியாசம்."

"எப்படித் தப்புன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. என் மேசையில் உட்கார்ந்து ஐம்பது பதிவுகள் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. நேரில் போய்ப் பார்க்கலாம் என்றாள். எதற்கு என்று வள்ளென்று விழுந்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தொல்லை விட்டால் சரி என்று கூடவே போனேன்.

கேள்விக்குறி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்களைக் கண்டதும் அவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாக, பயந்து பயந்து அடித்தார். முக்கால் மணி நேரம் ஒரு பிழையும் வரவில்லை.

"பார்த்தீங்களா? ஆள் பக்கத்துல இருந்தா ஒழுங்கா வருது" என்று அவள் காதில் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை.

பதினோரு மணிக்குக் கூட்டம் நெருக்கியது. வரிசையில் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா எங்களை மறந்துவிட்டார். விரல்கள் பறக்க ஆரம்பித்தன. நான்காவது ஆளிலேயே இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டன.

"அக்கா, என்டர் தட்டின கையோட அடுத்த பேரை ஆரம்பிச்சுட்டீங்க. ஸ்கிரீன் மாறிடுச்சான்னு பார்க்கலையே?"

"நிக்க முடியாம நிக்கறாங்களேம்மா. அவங்க மூஞ்சியப் பார்ப்பேனா, இதைப் பார்ப்பேனா?"

எனக்குச் சுருக்கென்றது. என் மென்பொருள் ஒரு பக்கத்தை மூடி அடுத்ததைத் திறக்க ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். மற்றவர்கள் அந்த நொடியில் நிமிர்ந்து பார்ப்பார்கள், கழுத்தைத் திருப்புவார்கள். இவர் அதற்குள் நாலு எழுத்து அடித்துவிடுகிறார். அவை பழைய பக்கத்திலேயே விழுகின்றன. கட்டடத்திலேயே வேகமான ஆளைத்தான் அடித்தளத்துக்கு அனுப்பப் பார்த்தேன்.

கேள்விக்குறி என் பக்கம் திரும்பினாள். "சார், அந்த ஐம்பது பதிவையும் நீங்க எப்படி அடிச்சீங்க?"

இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். இன்றும் எழுத்தைத் தேடித் தேடித்தான் குத்துவேன். என் வேகத்துக்கு அந்த நொடி பத்து நொடியாக இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் தூக்கிக் காட்டினேன். அவள் சிரித்திருக்கலாம். சிரிக்காதது இன்னும் அவமானமாக இருந்தது.

"அப்ப நான் இனிமே மெதுவா அடிக்கணுமா சார்?" என்று கேட்டார் அந்த அம்மா. "கம்ப்யூட்டரெல்லாம் எனக்கு வராதுன்னு ரெண்டு மாசமா பொண்ணுகிட்ட சொல்லிச் சொல்லி அழுதுட்டிருக்கேன்."

"வேண்டாம்மா. நீங்க இப்படியே அடிங்க. என் புரோகிராம்தான் ஓடி வரணும்."

அறிக்கையை அங்கேயே உட்கார்ந்து அடித்தேன். ‘தவறு யாருடையது’ என்ற கட்டத்தில் என் பெயர். இரண்டு விரலால் அதற்கு வெகு நேரம் ஆனது. கேள்விக்குறி முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.