கண்ணாடிப் பாதி

என் ஓர்ப்படிக்கு முதுகு நேர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் மறைத்துவிட்டேன் என்று என் வீட்டுக்காரரே சொல்வார். சேணத்தில் ஏறி உட்கார்ந்தால் ஆணி அடித்து வைத்த மாதிரி இருப்பாள். நான் பார்க்க அரிசி மூட்டை. ஆனால் மூட்டைக்கும் இந்த வேலையில் ஒரு மரியாதை உண்டு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் லாயம் எங்களுடையது. தீனி, லாடம், வண்டி எல்லாம் அவர்கள் பாடு. இளங்குதிரைகளைப் பழக்குவது வீட்டுக்கு வந்த மருமகள்கள் இரண்டு பேர் பாடு. மூத்தவள் நான், இளையவள் அவள். முதலாளியம்மா ஒருவர், ஒரே தாய்க்குப் பிறந்த தன்னுடைய இரண்டு குதிரைகளை டிரெஸ்ஸாஜ் என்கிற குதிரை நடைப் போட்டிக்குப் பழக்கச் சொல்லி எங்களிடம் விட்டிருந்தார். செவலை என் கைக்கு வந்தான். கருப்பன் அவள் கைக்குப் போனான்.

செவலை வந்தபோது வாயில் கடிவாளம் வைக்கவே விடமாட்டான். என் அக்குளில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பான், அப்படியே மெதுவாக மாட்டிவிடுவேன். நட என்றால் நடக்க, நில் என்றால் நாலு காலும் சமமாக ஊன்றி நிற்க, காலால் லேசாகத் தொட்டால் விலக, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. இதெல்லாம் ஊறின பிறகுதான் பக்க நடை. முன்னேயும் போக வேண்டும், பக்கத்திலும் நகர வேண்டும், ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். நேராகப் போகத் தெரியாத குதிரைக்குப் பக்க நடை சொல்லித்தரக் கூடாது என்பது என் கட்சி. இதை அவள் காதில் விழும்படி அடிக்கடி சொல்வேன்.

அவளுக்கு எல்லாம் அவசரம். கருப்பன் நேற்று வந்த மாதிரி இருக்கும், இன்று தோளை உள்ளே வாங்கிக்கொண்டு சுவர் ஓரமாக அன்னநடை போடுவான். கொழுந்தன் அதைக் கைபேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார். என் செவலையை யாரும் படம் பிடித்ததில்லை. சமமாக நிற்கிற குதிரையை யார் படம் பிடிப்பார்கள்?

இரண்டு பேரும் காலையில் ஒரே கொட்டகையில்தான் பழக்குவோம். வாசல் பக்கத்துப் பாதி எனக்கு. அந்தக் கோடிச் சுவரில் பெரிய கண்ணாடி பதித்திருக்கிறது, குதிரை கோணலாகப் போகிறதா என்று ஏறியிருப்பவர் பார்த்துக்கொள்ள. அந்தப் பாதி அவளுக்கு. யார் பிரித்தது என்று கேட்காதீர்கள், வந்த அன்றே போய் அங்கே நின்றுகொண்டாள். கண்ணாடியை நோக்கி வரும்போதெல்லாம் முகத்தை லேசாகத் திருப்பி அதில் பார்ப்பாள். தன் அழகைத் தானே ரசிக்கிறாள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வேன்.

"நீ ஏன் அவளையே பார்த்துக்கிட்டிருக்க? உன் குதிரையைப் பாரு" என்பார் அவர்.

பார்க்காமல் இருக்க முடிந்தால் நான் ஏன் பார்க்கிறேன்? என் கண் இடது தோளுக்கு மேலே தானாகத் திரும்பிவிடும். கருப்பன் இன்று என்ன புதிதாகச் செய்கிறான், அவள் கை எப்படி அசையாமல் இருக்கிறது, எல்லாம் பார்த்தாக வேண்டும். பார்த்த பிறகு சாப்பாடு இறங்காது.

போன வாரம் முதலாளியம்மா வந்தார். வந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார்.

"ரெண்டும் ஒரே கையில இருந்தா நல்லதுன்னு தோணுது. இன்னைக்குப் பார்த்துட்டு யாருன்னு சொல்றேன்."

கருப்பன் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். என் செவலை அவளிடம் போவதா? அவள் உட்கார்ந்து, கொழுந்தன் படம் பிடித்து, அதை நான் என் கைபேசியில் பார்ப்பதா?

முதலில் அவள் போனாள். நான் வெளியே செவலையை நடக்கவிட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கவில்லை. "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு" என்று முதலாளியம்மா சொன்னது மட்டும் கேட்டது. அது போதாதா?

நான் உள்ளே நுழைந்தேன். செவலை என் மானத்தைக் காப்பாற்றினான். பக்க நடை கேட்டார், வலமும் இடமும் போய்க் காட்டினான். நிற்கச் சொன்னார், நின்றான். முதலாளியம்மா தலையாட்டினார். என் மனசு லேசாகிவிட்டது.

"இப்ப நடுவால நேரா ஒரு கோடு. கடைசில நிறுத்துங்க. அவ்வளவுதான்."

நேர்கோடு. என் சொந்தச் சரக்கு. கடிவாளத்தைச் சரிசெய்து கிளம்பினேன். இடப்பக்கம் சுவர் ஓரமாக முதலாளியம்மா நின்றிருந்தார், அவர் பக்கத்தில் கருப்பனைப் பிடித்தபடி என் ஓர்ப்படி. அவள் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார்.

என்ன சொன்னாள்? என்னைப் பற்றியா? கண் அந்தப் பக்கம் போனது, கூடவே உடம்பும் சாய்ந்தது.

குதிரை எப்போதும் நம் எடைக்கு அடியில் வந்து நிற்கப் பார்க்கும். தலையில் குடம் சுமப்பவள் குடம் சாய்கிற பக்கம் காலை எடுத்து வைப்பாள் இல்லையா, அப்படி. செவலை நடுக்கோட்டை விட்டு இடப்பக்கம் நகர்ந்தான். காலைக் காலுக்குக் குறுக்கே வைத்து, கழுத்தை அழகாக வளைத்து, நான் கேட்டு எப்போதும் தராத அளவு சுத்தமான பக்க நடை. நேரே போய் என் ஓர்ப்படி முன்னால் நாலு காலும் சமமாக ஊன்றி நின்றான்.

"நான் நேராத்தானே கேட்டேன்?" என்றார் முதலாளியம்மா.

மறுபடி போனேன். பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன். மறுபடி அவள் முன்னால்தான் போய் நின்றான். பாவம், அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தினமும் காலையில் நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தான்.

"இறங்குங்க. மாத்தி ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார் அவர். "கோணல் குதிரைகிட்ட இருக்கா, மேல இருக்கிறவங்ககிட்ட இருக்கான்னு வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

செவலை மேல் அவள் ஏறினாள். வாசல் பாதியில் நேர்கோடு போட்டாள். நூல் பிடித்த மாதிரி போனான் அந்தத் துரோகி. என் நெஞ்சில் மிளகாய் அரைத்தது போல இருந்தது.

நான் கருப்பன் மேல் கண்ணாடிப் பாதிக்குப் போனேன். நல்ல குதிரை, பொய் சொல்லக் கூடாது. வாய் மெத்தென்று இருந்தது. கண்ணாடியை நோக்கித் திருப்பி நேராகப் போகவிட்டேன். பாதி தூரம் ஒழுங்காக வந்தவன், கண்ணாடி நெருங்க நெருங்கத் தோளை வலப்பக்கம் சாய்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. சுற்றி மறுபடி கொண்டுவந்தேன். அதே இடம், அதே சாய்வு. பழகிப்போன சாய்வு அது. யாரோ தினமும் இந்த இடத்தில் வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவன் சாய்ந்த பக்கமே நானும் சாய்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். என் முகம் அதில் தெரியவில்லை. அங்கிருந்து பார்த்தால் ஏறியிருப்பவருக்குத் தன் முகமே தெரியாது. தெரிந்தது வாசல் பாதி. நான் தினமும் செவலையை நடத்துகிற தடம், முழுசாக.

அழகை ரசிக்கிறாளாம். இத்தனை நாளும் அவள் பார்த்தது என்னை.

மூட்டையை ஏன் பார்த்தாள்? செவலை நிற்கிற அழகையா, நான் அவசரப்படாமல் இருந்ததையா? கொழுந்தன் அவளிடம் "அண்ணியைப் பாரு, எவ்வளவு நிதானம்" என்று சொல்லியிருப்பாரோ? சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. கடிவாளத்தை இப்போது தளரவிட்டால் போதும். கருப்பன் முதலாளியம்மா கண்ணெதிரே கோணிக்கொண்டு போவான். அவள் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும். இரண்டு பேரும் சமம், என் செவலை என்னிடமே இருப்பான்.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் கோணுகிற குதிரையைக் கோணவிட என் கைக்குத் தெரியவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் வலது கால் அவன் விலாவைத் தொட்டுவிட்டது, இடது கை கடிவாளத்தை அளவாக வாங்கிவிட்டது. கருப்பன் பெருமூச்சு விட்டு நிமிர்ந்து, கண்ணாடிக்கு நேரே போய் நின்றான்.

முதலாளியம்மா கைதட்டினார்.

"ஒரே கையில வேணாம். செவலை இனிமே சின்னவங்ககிட்ட. கருப்பன் உங்ககிட்ட. உங்க கைக்கு அவன் எவ்வளவு நேரா போறான், பார்த்தீங்களா?"

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

சாயங்காலம் லாயத்தில் கருப்பனுக்குச் சேணம் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"அக்கா, கண்ணாடிகிட்ட வர்றப்போ கருப்பன் ஏதாவது பண்ணினானா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். முதுகு நேராகத்தான் இருந்தது. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"ஒண்ணும் பண்ணலையே. நேராத்தான் போனான்."

நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரிந்தது. அவள் மெதுவாகத் தலையாட்டிவிட்டுச் செவலை நின்ற இடப்பக்கத்து அறைக்குப் போனாள். செவலையின் கடிவாளத்தைக் கையில் எடுத்தாள்.

"அவனுக்கு வாயில வைக்கிறது பிடிக்காது" என்றேன். "அக்குள்ல மூக்கை வெச்சுக்க விடு, அப்புறம் மாட்டு."

"இப்படியா, அக்கா?"

அவன் அதற்குள் அவள் அக்குளில் மூக்கை நுழைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். நான் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். கருப்பன் முதுகில் கை ஊன்றியிருந்த என் உடம்பு இடப்பக்கம் சாய, அவனும் என்னோடு ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தான்.