ஜன்னல் பக்கத்துக் கன்னம்

கணவர் டேப்பின் கொக்கியை மானிட்டரின் விளிம்பில் மாட்டி, மறுமுனையை அவளுடைய மூக்குவரை இழுத்துக்கொண்டு வந்தார்.

"அசையாத."

அவள் அசையவில்லை. அசைந்தால் மூக்கு போய்விடும் போலிருந்தது.

"பன்னெண்டு இஞ்ச்" என்றார் அவர். "நான் இந்த மேசையச் செஞ்சப்போ ரெண்டு அடி கணக்கு வெச்சுத்தான் செஞ்சேன். மீதி ஒரு அடிய எங்க தொலைச்ச?"

அவருக்கு மரவேலை. வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் அவர் ஒருமுறையாவது அளந்திருப்பார். அந்த மேசை ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவள் வீட்டிலிருந்தபடியே படங்களைத் திருத்தும் வேலையை ஆரம்பித்தபோது செய்தது. அன்றைக்கு வாங்கிய பத்தொன்பது இஞ்ச் மானிட்டர்தான் இன்றும் அதன் மேல் நிற்கிறது. ஒரு மூலை மஞ்சளடித்துவிட்டது. அந்த மூலையில் எந்த முகத்தையும் வைத்துப் பார்க்கக்கூடாது என்பதை அவள் மவுஸ் பிடித்த கை தானாகவே தெரிந்துவைத்திருந்தது. மூன்று ஸ்டுடியோக்களிலிருந்து அவளுக்குப் படங்கள் வரும். பருக்களை எடுப்பாள். மூடிய கண்ணுக்குப் பக்கத்துப் படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து வைப்பாள். யாராவது இறந்துபோனால், எங்கோ கூட்டத்தோடு நின்று எடுத்த படத்திலிருந்து அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, சுத்தம் செய்து, சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கித் தருவாள். அந்த வேலையை மூன்று ஸ்டுடியோக்காரர்களும் இவளிடம்தான் கொடுப்பார்கள். இவள் கை பட்டால் முகம் முகமாகவே இருக்கும் என்று பேர்.

அப்படிச் செய்து கொடுத்த படம் ஒன்று, இறந்தவரின் மனைவியிடமிருந்து திரும்பி வந்திருந்தது. மேசைக் காலில் சாய்த்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். முந்தாநாள், அந்த வேலையைக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் அதைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தங்கச்சி, உன் வேலையில குறை சொல்லல. அந்தம்மா சண்டையும் போடல. வாங்கிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. 'இது அவரோட அண்ணன் மாதிரி இருக்கு'ன்னு சொல்லிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அண்ணன் மாதிரியா?"

"அதுல வேடிக்கை என்னன்னா, அவருக்கு அண்ணனே கிடையாதாம்."

அவர் சிரிக்க முயன்றார். அவளும் முயன்றாள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, "மத்த படமெல்லாம் அப்புறம் அனுப்பறேன். இத முதல்ல நிதானமாப் பாரு" என்றார். வேலை கையில் இருக்கிறவளிடம் நிதானமாகப் பார் என்று ஒன்பது வருஷத்தில் அவர் சொன்னதில்லை.

இரண்டு நாளாகப் பார்த்தாள். பழைய படத்தைத் திறந்தாள், திருத்தியதைத் திறந்தாள், ஒன்றை மூடி ஒன்றைக் காட்டினாள். கண் அதே கண், மூக்கு அதே மூக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தத் திரையில் ஆளுக்கு அரை முகம்தான் கிடைத்தது. எது மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதே தொழிலில் ஒருவர் இருந்தார், இவளுக்கு முன்னால் பெரிய கை. ஒரு கட்டத்தில் கண் மங்கி, அவர் திருத்துகிற முகமெல்லாம் செங்கல் நிறத்தில் வர ஆரம்பித்தது. யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. வேலை வருவது மட்டும் நின்றது. ஒரு வருஷமாக அவளுக்கு எழுத்துகளின் ஓரம் பஞ்சு போலத் தெரிகிறது. படத்தை நூறு சதவீத அளவில் பார்த்து வேலை செய்தவள் இருநூறுக்குப் போனாள், பிறகு முந்நூறுக்கு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும்.

"ஸ்கிரீன் சின்னது" என்று டேப்பைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார் கணவர். "அவ்வளவுதான் விஷயம். கிளம்பு, பெருசா ஒண்ணு வாங்கிட்டு வருவோம்."

அவ்வளவுதான் விஷயமாக இருக்கட்டும் என்று அவள் கிளம்பினாள். கிளம்பும்போது, இரண்டு படங்களையும் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

கடையில் ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே கிளி ஒரே நேரத்தில் தலையைத் திருப்பியது. கிளியின் பச்சை எந்தக் கிளிக்கும் இல்லாத பச்சை. விற்பனைப் பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். காலையிலிருந்து நின்ற கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டே வந்தாள்.

"வாங்கக்கா. இதப் பாருங்க, கலர் அப்படியே அடிக்கும்."

"அடிக்கக் கூடாதும்மா. உள்ளத உள்ளபடி காட்டணும். போட்டோ திருத்தற வேலை."

அந்தப் பெண் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, விற்பனைக் குரலைக் கழற்றி வைத்தாள். "அப்ப இந்த வரிசைய விடுங்க. இதெல்லாம் கேம் ஆடறவங்களுக்கு. அந்தக் கடைசிக்கு வாங்க."

போகிற வழியில் கணவர் வளைந்த மானிட்டர் ஒன்றின் முன் நின்றுவிட்டார். விளிம்பில் ஒரு கண்ணை வைத்து, பலகையின் நேர் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மரமா இருந்தா, வளைஞ்சு போச்சுன்னு இத நான் திருப்பி அனுப்பியிருப்பேன்."

"சார், அது அப்படித்தான் வரும்."

"அப்படித்தான் வரும்னுதான் மரக்கடைக்காரனும் சொல்வான்."

கடைசி வரிசையில் இரண்டு இருந்தன. ஒன்று இருபத்தேழு, ஒன்று முப்பத்திரண்டு. கணவர் டேப்பை எடுத்து இருபத்தேழின் அகலத்தை அளந்தார். இருபத்து மூன்றரை வந்தது. உயரத்தை அளந்தார். பதிமூன்று. அவர் முகம் மாறியது. மூலைக்கு மூலை அளக்கிற கணக்கு என்று விற்பனைப் பெண் விளக்கினாள்.

"குறுக்கால அளந்து விக்கறதா? நான் ஒரு கதவ இப்படிக் குறுக்கால அளந்து குடுத்தா வீட்டுக்காரன் சும்மா விடுவானா?"

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அவள். ஆனால் இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்திருந்தாள்.

கிளியை நிறுத்தச் சொல்லிவிட்டு பென் டிரைவைக் கொடுத்தாள். அளவைச் சரிபார்த்து, இடப் பக்கம் அவள் திருத்திய முகம், வலப் பக்கம் திருத்தாத முகம் என்று இரண்டையும் இருபத்தேழில் வைத்தார்கள். இரண்டும் முழுசாக, உண்மையான ஆள் முகத்தின் அளவுக்கே நின்றன. எங்கோ யாருக்கோ நடந்த விழாவில் எடுத்த படம் அது. காலர் வைத்த வெள்ளைச் சட்டையும் முன்னால் கொஞ்சம் வழுக்கையுமாக, சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்காத வாயோடு அந்த மனிதர் கடையை இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த முகத்தோடு நான்கு மணி நேரம் இருந்திருக்கிறாள், ஆனால் இந்த முகத்தைப் பார்த்ததில்லை. முந்நூறு சதவீதத்தில் ஒரு கையகலத் தோல், அதை முடித்தால் பக்கத்துக் கையகலம் என்று, சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல நெற்றியில் தொடங்கித் தாடையில் முடித்திருக்கிறாள். இப்போது தள்ளி நின்று பார்த்தால், திருத்தாத முகத்தில் ஒரு கன்னம் மட்டும் கறுத்திருந்தது. வலது கன்னம். கண்ணோரத்திலிருந்து காது வரைக்கும் வரிவரியாகச் சுருக்கம். இடது கன்னமோ பத்து வயது இளையது. திருத்திய முகத்தில் இரண்டும் ஒரே நிறம், ஒரே மிருது. அந்த வலது கன்னம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. முடித்ததும் தனக்குத்தானே ஒரு டீ போட்டுக் குடித்தாள்.

"வெளிச்சம் சரியில்ல" என்றாள். "ஒரு பக்கம் நிழல் விழுந்திருந்துச்சு. அதத்தான் சரி பண்ணேன்."

கணவர் குனிந்து பார்த்தார். அவர் எதையும் முதலில் விளிம்பில்தான் பார்ப்பார். கன்னத்தைப் பார்க்கவில்லை, காலரைப் பார்த்தார்.

"நிழல்னா சட்டையிலயும் விழுந்திருக்கணுமே? காலர் ரெண்டு பக்கமும் ஒரே வெள்ளையா இருக்கு."

அவள் காலரின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம ஹால் அலமாரி மாதிரி இருக்கு. ரெண்டு கதவும் ஒரே பலகையில அறுத்ததுதான். ஜன்னல் பக்கத்துக் கதவு மட்டும் எப்படிக் கறுத்துப் போச்சு பாத்தியா? இவரு என்ன வேலை பாத்தாரு?"

அவளுக்குத் தெரியாது. அவளுக்கு வருகிற முகங்கள் என்ன வேலை பார்த்தன என்று அவள் கேட்டதே இல்லை. கடையின் நடுவில் நின்றபடியே ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்தாள். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனைக் கீழே இறக்கினாள்.

"பஸ் கம்பெனியில டிரைவராம். முப்பத்தொரு வருஷம்."

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருஷத்து வெயில் டிரைவர் சீட்டின் ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்த இடத்தை அவள் ஒரு மத்தியானத்தில் துடைத்துவிட்டிருந்தாள். இடப் பக்கம், திருத்திய படத்தில் இருந்தவர் எங்கோ விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர். அந்த இல்லாத அண்ணன்தான். விற்பனைப் பெண் மெதுவாக, "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கை மட்டும் இப்படி இருக்கும்க்கா, டெம்போ ஓட்டறாரு" என்றாள்.

"அப்ப என் கண்ணுல ஒண்ணும் இல்ல" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. "கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. நான்தான் அத அழுக்குன்னு நெனச்சுட்டேன்."

கணவர் டேப்பை டக்கென்று உள்ளே விட்டார். "கண்ணுல ஒண்ணும் இல்லன்னு யாரு சொன்னா? ஊசியில நூல் கோக்க ஒரு வருஷமா என்னத்தான கூப்பிடற. அது மானிட்டரா?"

"தெரியுமா உங்களுக்கு?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லல. சரி, ஸ்கிரீன்லேருந்து ஆரம்பிப்போம்னு பாத்தேன்." அவர் அவளைப் பார்க்காமல் மானிட்டரின் காலை ஆட்டிப் பார்த்தார். உறுதியாக இருக்கிறதா என்று. "எதிர்லயே கண்ணாடிக் கடை இருக்கு. ரெண்டையும் முடிச்சுட்டுப் போலாம். பயப்படாத. நானும் ஒண்ணு போட்டுக்கறேன், ஜோடியா இருப்போம்."

முப்பத்திரண்டையும் போட்டுப் பார்த்தாள். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தலை திரும்ப வேண்டியிருந்தது. இருபத்தேழில் கண் மட்டும் போனால் போதும். பளபளப்பில்லாத திரை, தன் முகம் அதில் தெரியாது. அதுவும் நல்லதுதான் என்று பட்டது. அதையே எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அந்தக் கன்னத்தைத் திருப்பிக் கொண்டுவர அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு மணி நேர வேலை, பழைய முகத்தைத் தொடாமல், அதன் மேல் ஒரு தனி அடுக்காகக் கிடந்தது. அதை மறைத்தாள். கீழே இருந்தவர் வந்துவிட்டார். பின்னால் நின்றிருந்தவர்களை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிரிண்ட் போடுவதற்கு முன்னால் அந்தம்மாவே வந்து பார்த்துவிட்டால் நல்லது என்று ஸ்டுடியோக்காரருக்குச் சொல்லி அனுப்பினாள். இன்னொரு முறை அந்தப் படம் திரும்பி வந்தால் அதற்கப்புறம் எந்தப் படமும் வராது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்தம்மா வந்தார். சின்ன உருவம். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தார். புதுக் கண்ணாடி அவளுக்கு மூக்கில் உறுத்தியது. கணவர் வேலைக்குக் கிளம்பியவர் கிளம்பாமல் கதவருகிலேயே எதையோ அளந்துகொண்டு நின்றார்.

"பாருங்கம்மா" என்று படத்தைத் திறந்தாள்.

அந்தம்மா பார்த்தார். அவள் திரையைப் பார்க்காமல் அந்தம்மாவின் கையைப் பார்த்தாள். கைப்பையின் பட்டையை விரல் ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"கம்பெனிக் கன்னம்" என்றார்.

"என்னம்மா?"

"'இந்தக் கன்னம் கம்பெனிக்கு, அந்தக் கன்னம் உனக்கு'ன்னு சொல்வாரு. கல்யாணம் ஆனப்போ ரெண்டும் ஒரே நிறம்தான். சண்டை வந்துச்சுன்னா கம்பெனிக் கன்னத்த என் பக்கம் திருப்பிக்கிட்டு உக்காந்துருப்பாரு." சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "நீங்க குடுத்த படத்துல எனக்கு எங்க என்ன இல்லன்னே தெரியலம்மா. நல்லாத்தான் இருந்தாரு. அதான் ஒரு மாதிரியா இருந்துச்சு."

"என் தப்புதாம்மா. நிழல்னு நெனச்சுட்டேன்."

அந்தம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். ஆள் அளவுக்கு இருந்த முகத்துக்கு முன்னால் ஆள் அளவு தூரத்தில், பேசுவதற்கு உட்கார்ந்தவர்போல உட்கார்ந்தார்.

அவள் அப்போதுதான் அதைப் பார்த்தாள். சட்டைத் தோளில், காலருக்குக் கீழே, ஒரு நூல். பழைய திரையில் அது தெரிந்ததே இல்லை. கருநீலத்தில், சுருண்டு, அரை விரல் நீளம். ஒரு சொடுக்கில் போய்விடும். அவள் கை அவளைக் கேட்காமலே மவுஸுக்குப் போனது. அம்புக்குறி தோளை நோக்கி நகர்ந்தது. ஆனால் அதற்கு முன்னாலேயே இன்னொரு கை அங்கே போய்விட்டது. அந்தம்மா முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குவித்துத் திரைக்குக் கொண்டுபோய், தினமும் அவர் டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் செய்த வேலையைச் செய்வதுபோல அந்த நூலைக் கிள்ளினார்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

நூல் வரவில்லை. அந்தம்மா நகத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்து, மறுபடி கிள்ளினார்.