காய்ச்சல் இல்லை

ஆய்வகச் சுவரில் சிவப்பு மையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். 'செருலோபிளாஸ்மின் சோதனைக்கு, காய்ச்சல் உள்ளவரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது.' எழுதி ஒட்டியவள் அக்கா. அந்த மருத்துவமனையில் டாக்டர்கள் முதற்கொண்டு எல்லாருக்கும் அவள் அக்காதான். ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலையில் பதினான்கு வருஷ சர்வீஸ். முறை தவறி எடுத்த ரத்தத்தோடு ஒரு நர்ஸ் வந்துவிட்டால் போதும், நார்நாராகக் கிழித்துவிடுவாள்.

வீட்டில் அவள் ஒருவனுக்குத்தான் அக்கா. தம்பி தையல் கடையில் துணி வெட்டுகிறவன். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் கோடு கோணாது என்று பேர் வாங்கியவன். இருபத்தெட்டு வயதில் அவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கத்தரி வழுக்கி யாருடைய கோட்டுத் துணியோ பாழானது. நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, ஈரலும் வீங்கியிருந்தது. இதற்குமேல் ஜனங்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான்.

"சத்தியமா நான் குடிக்கலம்மா" என்பான். யார் நம்பினார்கள்! சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அம்மா வாசற்படியிலேயே நிறுத்தி, "ஊது" என்பாள். ஊதுவான். வாடை இருக்காது. "எதையோ மென்னுட்டு வந்திருக்கான், கள்ளப்பய." அம்மா வீட்டில் இல்லாத நாட்களில் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பது அக்காவின் பொறுப்பு.

அவனைப் பரிசோதித்த ஈரல் டாக்டருக்கு மட்டும், இது குடியல்ல, வேறு நோயோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் துளித்துளி செம்பு இருக்கிறது. ஈரல் அதில் தேவையானதைச் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின்மேல் ஏற்றி ரத்தத்தில் அனுப்பும், மிச்சத்தைப் பித்தத்தோடு வெளியே தள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஏற்றுமதி நடக்காது. செம்பு ஈரலில் தேங்கி, நிரம்பி, மூளைக்கும் கண்ணுக்கும் போய்ப் படியும். செம்பு ஏறாத வெற்றுப் புரதமோ ரத்தத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே அந்தப் புரதம் குறைவாக இருந்தால் நோய் அதுதான் என்று பிடித்துவிடலாம். ஆனால் உடம்பில் காய்ச்சல் இருந்தால் ஈரல் அந்தப் புரதத்தை அவசர அவசரமாகக் கூடுதலாகச் செய்து அனுப்பும். குறைந்த எண் நல்ல எண் போல வேஷம் போடும். சிவப்பு மை அதற்காகத்தான்.

ரத்தம் கொடுக்க அவனைக் கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. கையில் ரப்பர் பட்டையைக் கட்டும்போதே சுட்டது.

"என்னடா, உடம்பு கொதிக்குது?"

"ரெண்டு நாளா காச்சல்க்கா."

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இன்னொரு தடவை இவன் பின்னால் யார் அலைவது என்று நினைத்தாள். எப்படியும் குடிதான், இதெல்லாம் டாக்டர் மனசு ஆற என்றும் நினைத்தாள். படிவத்தில் 'காய்ச்சல் உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். ஊருக்குத்தானே உபதேசம்.

இருபதுக்குக் கீழே போனால் நோய். வந்தது இருபத்துமூன்று. டாக்டர் படிவத்தைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், சந்தேகத்தைக் கைவிட்டார். அக்கா வீட்டுக்கு வந்து, "நோயெல்லாம் ஒண்ணுமில்லம்மா. குடிதான்" என்றாள். குடியை நிறுத்தவைக்கும் இல்லத்தில் அவனைச் சேர்க்கக் கையெழுத்துப் போட்டவளும் அவளே.

அங்கே தினமும் வட்டமாக உட்காரவைத்து, குடித்ததை ஒப்புக்கொள்ளச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதவனுக்கு வீடு கிடையாது. நாலு மாதம் தாக்குப்பிடித்தான் பாவிப்பயல். ஐந்தாவது மாதம், ஒரு சொட்டு தொட்டறியாத வாயால், "நான் குடிகாரன்" என்றான். எல்லாரும் கை தட்டினார்களாம். வீட்டுக்கு வந்தபோது கடைவாயில் எச்சில் வழிந்தது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

இன்னும் அரை வருஷம் போய், எழுத்து மங்குகிறது என்று அவன் சொன்னதால் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள் அக்கா. அவர் கருவியில் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கருவிழியச் சுத்திப் பழுப்பா ஒரு வளையம் இருக்கே. இது செம்பு. இவருக்கு அந்தப் புரதச் சோதனை யாரும் எடுக்கலையா?"

அவள் அன்றே அவனை ஆய்வகத்துக்குக் கூட்டிவந்தாள்.

மறுபடி அவளே எடுத்தாள், இந்தமுறை அவன் கை குளிர்ந்திருந்தது. ஏழு.

அவனை வார்டில் சேர்த்து, செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும் மாத்திரையைத் தொடங்கினார்கள். "ஈரலைக் காப்பாத்திடலாம். பேச்சும் கையும் எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. ஒரு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா..." என்று டாக்டர் இழுத்தார். ஒரு வருஷம் முன்னால் யார் என்ன எழுதினார்கள் என்று அவர் இன்னும் பழைய படிவத்தைப் புரட்டவில்லை. அம்மா பக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை, அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, அக்கா வார்டுக்குப் போனாள். சொல்லிவிட வேண்டும். வேறு யாராவது சொல்லி அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. பக்கத்துக் கட்டில்காரர் காதில் விழாமல் இருக்க, குனிந்து அவன் முகத்தருகே போனாள்.

"தம்பி, அன்னைக்கு ரத்தம் எடுத்தப்போ..."

அவள் முகம் கிட்டே வந்ததும், எத்தனையோ சாயங்காலங்கள் பழக்கப்பட்டவன், சிரமப்பட்டுத் தலையைத் தூக்கினான். வாயைத் திறந்து அவள் மூக்கில் ஊதினான்.

"குடிக்கலக்கா" என்றான் குழறலாக. "பாத்துக்க."