கணவாயில் இருபது நிமிடம்

தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு வருடம் தலைமைத்துவம் படித்துப் பட்டயம் வாங்கிய நூர்சாத்தை, கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் முகாமுக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஆட்கள் ஆறு பேரும் அவளைவிட மூத்தவர்கள்.

"தலைமை தாங்கறதுக்குமா காலேஜு? எங்க மந்தைக்கு முன்னாடி போற கிடா எந்தக் காலேஜுல படிச்சுது?" என்று புல்டோசர் ஓட்டும் திஞ்சித்திக் கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு நண்பகல், சரிவிலிருந்த பனி மொத்தமாகப் பெயர்ந்து திஞ்சித்திக்கை வண்டியோடு மூடிவிட்டது.

மண்வாரிகளோடு ஓடியவர்களை நூர்சாத் கத்தி நிறுத்தினாள். மேலே இன்னொரு பனித்திட்டு வெடிப்பு விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"எஞ்சின் ஓடுது தங்கச்சி, காதுல விழலையா? உசுரோட இருக்கான்!" என்று அலறினார் முகாமில் மூத்தவரான சபீர்பெக்.

"மேல பாருங்கண்ணே! அதுவும் வந்துச்சுன்னா அஞ்சு பேரும் போயிடுவீங்க!"

வயர்லெஸ்ஸில் மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டாள். இவரைக் கேள், அவரைக் கேள் என்று இழுத்தடித்து, கடைசியில் பதில் வந்தது: "அங்க பொறுப்பாளர் நீங்கதானே? நீங்களே முடிவு பண்ணுங்க."

இருபது நிமிடம் போயிருந்தது. பனிக்கடியில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. "ரெண்டு ரெண்டு பேரா வாங்க. ஒருத்தர் மேலயே பாத்துட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக அவளே ஓடினாள். விரல் மரத்து நகம் பிய்யும்வரை தோண்டினார்கள். மேலே தொங்கியது கடைசிவரை விழவேயில்லை. கதவைப் பெயர்த்தபோது திஞ்சித்திக்கின் கழுத்தில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

சபீர்பெக் தொப்பியைக் கழற்றினார். "இதெல்லாம் அந்தப் படிப்புல சொல்லித் தந்தாங்களாம்மா?" கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"தந்தாங்கண்ணே. கேள்விக்குக் கீழ நாலு பதில் இருந்துச்சு. சரியானதுக்கு டிக் போட்டு முழு மார்க் வாங்கினேன்." நகம் பிய்ந்த விரல்களைப் பார்த்தாள். "டாக்டருக்குப் படிக்கிறவனைத் தனியா கத்தியைத் தொட விடறதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் பெரிய டாக்டர் பக்கத்துல நிக்க வைக்கிறாங்க? என் பக்கத்துல யாரு நின்னா? எனக்கு முதல் ஆளே இவருதான்."

அவள் மனதுக்குள் ஒரே கேள்வி ஓடியது: நான் உடனே தோண்ட விட்டிருந்தால் பிழைத்திருப்பாரா, இல்லை ஆறு பேரும் போயிருப்பார்களா? யாரிடம் போய்க் கேட்பது?

கீழே கிராமத்தில் திஞ்சித்திக்கின் மனைவிக்கு இன்னும் தெரியாது. ஐந்து பேரும் நூர்சாத்தையே பார்த்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தாள்.