வெங்காயக் கிணறு

ஆழ்வாப்பிள்ளைக்கு ஆட்களைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. நம்பத்தான் மாட்டார். சங்கக்கடைக்காரன் சிரித்துக்கொண்டு சீனி நிறுத்தால், தராசுக்குக் கீழே குனிந்து பார்ப்பார். வேலிக்கு அப்பால் யாராவது செருமினால், அது யாருக்கோ காட்டுகிற சைகை என்பார். எல்லாரையும்விட அவர் கண் வைத்திருந்தது, மனைவி இராசமலரின் தமையன் கந்தப்புமேல். கந்தப்பு செய்த குற்றம் ஒன்றுதான். ஒருநாள் வந்து, "மச்சான், விதை வெங்காயம் எப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டான்.

"உவன் ஏன் அதைக் கேக்கிறான்?" என்று ஆழ்வாப்பிள்ளை அன்று முழுக்கச் சோறு பிசைந்தபடி யோசித்தார்.

வெளிநாட்டு வெங்காயம் கப்பலில் வருவது நின்றுபோன காலம் அது. சுன்னாகம் சந்தையில் கொழும்பு லொறிகள் காத்துக் கிடந்தன. விதையைக் களவு கொடுத்தவன் அடுத்த போகத்துக்கு வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஊரில் இரண்டு கொட்டில்களில் களவும் போய்விட்டது. மற்றவர்கள் வழக்கம்போல வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி, காற்றுப்படும்படி கொட்டில் வளைமரங்களில் தொங்கவிட்டு, நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஆழ்வாப்பிள்ளை நாயையும் நம்பவில்லை. கந்தப்புவைக் கண்டால் அது வாலாட்டும்.

வீட்டு வளவின் பின்பக்கம், அவருடைய தகப்பன் வெட்டத் தொடங்கி, பாறை மறித்ததால் பாதியில் விட்ட கிணறு ஒன்று கிடந்தது. இரண்டாள் ஆழம். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. விதை முழுவதையும் அதற்குள் இறக்கிக் குவித்தார். வாயில் பலகை அடுக்கி, படங்குத் துணி விரித்து, விளிம்பெல்லாம் களிமண் பூசி அடைத்தார்.

"அதுகள் மூச்சு விடவேண்டாமே?" என்றாள் இராசமலர்.

"வெங்காயத்துக்கு மூக்குக் கிடக்கோ?"

அவருக்குத் தெரியாததல்ல. குவியலுக்குள் கையை விட்டால், படுத்து எழும்பின பாய் மாதிரி ஒரு சூடு இருக்கும். விதைக்குள் உயிர் இருக்கிறது, அதுவும் நம்மைப்போலக் காற்றை எடுத்துக் கெட்ட காற்றை விடுகிறது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தது ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயம்தான் வென்றது. பொழுதுபட்டதும் படங்கைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவுவார். விடிந்ததும் போய்க் காலடி தேடுவார். ஒருநாள் காகத்தின் கால் பதிந்திருந்தது. அன்றைக்கு அந்தக் காகத்தின்மேலும் அவருக்கு ஒரு கண்.

மழை இரண்டு பாட்டம் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், சந்தைக்குப் போனவர் சைக்கிள் காற்றுப்போய் இடைவழியில் திரும்பினார். வளவுக்குள் வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனார். சாம்பல் கலைந்திருந்தது. படங்கு ஒருபக்கம், பலகைகள் ஒருபக்கம். வேலியில் கந்தப்புவின் சால்வை தொங்கியது. கிணற்றுக்குள் ஏணி.

எட்டிப் பார்த்தார். குவியலின்மேல் கந்தப்பு முகத்தை ஏணிப்பக்கம் சரித்தபடி குப்புறக் கிடந்தான். கைக்குப் பக்கத்தில் அரைவாசி நிரம்பிய சாக்கு.

இத்தனை நாள் சந்தேகம் பலித்ததில் அவருக்கு வந்தது கோபமில்லை, மகிழ்ச்சி. சத்தமில்லாமல் ஏணியை மேலே இழுத்து, தள்ளி நின்ற முருங்கையில் சாத்தினார். பிறகு வந்து கிணற்று விளிம்பில் குந்தி, ஒரு சுருட்டைப் பற்றவைத்தார்.

"எழும்பும் மச்சான். நடிச்சது போதும்."

கந்தப்புவின் முதுகு மட்டும் வேகவேகமாக ஏறி இறங்கியது. பிடிபட்ட பயத்தில் மூச்சு இளைக்கிறான் என்று ஆழ்வாப்பிள்ளை நினைத்தார். நன்றாக இளைக்கட்டும். நாலு பேருக்கு முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று, நடுவில் நிற்கவைத்து என்ன கேட்பது என்பதை ஒவ்வொன்றாக மனதில் அடுக்கினார். சுருட்டுப் பாதி எரிந்தபோது, முதுகு ஏறி இறங்குவது மெதுவானது. சரி, அடங்கிவிட்டான் என்று எண்ணினார்.

வேலிப் படலை திறந்தது. தோளில் வெறுஞ்சாக்குகளோடு இராசமலர் வந்தாள்.

"அண்ணை மேலை வந்திட்டாரே?"

"எங்கை வாறது? ஏணியை நானெல்லோ எடுத்து வைச்சிருக்கிறன்."

அவள் சாக்குகளைக் கீழே போட்டாள். "நான்தான் அவரைக் கூட்டிவந்தனான். கிணத்தடியிலை அழுகல் மணம். இண்டைக்கு எடுக்காட்டில் ஒண்டும் மிஞ்சாது எண்டு அண்ணையைக் கும்பிட்டுக் கேட்டனான். சாக்குப் போதாதெண்டு அண்ணை வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தவள், முருங்கையடிக்கு ஓடி ஏணியைத் தூக்கினாள். அவள் அலறின அலறலில் பக்கத்து வளவுக் கதிரவேலு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார். கிணறு வெட்டுகிறவர். இறங்கப்போனவளைப் பிடித்து நிறுத்தி, காய்ந்த ஓலையைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினார். பாதிவழியில் அது அணைந்துபோனது.

"உள்ளை காத்தில்லைப் பிள்ளை. வெங்காயம் இருந்ததைக் குடிச்சுப்போட்டு நஞ்சைக் கக்கி வைச்சிருக்கு."

வேப்பங்கொப்புகளை முறித்துக் கயிற்றில் கட்டி, மேலும் கீழுமாக அடித்துக் காற்றைக் கலக்கினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆழ்வாப்பிள்ளையும் கொப்பு அடித்தார். 'கள்ளனாய் இருந்திருக்கலாமே கடவுளே' என்று ஒருகணம் நினைத்தார். அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது. அடுத்த ஓலை அடிவரை எரிந்தபின், கதிரவேலு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கிக் கந்தப்புவைத் தூக்கினார்.

முருங்கை நிழலில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார்கள். நெடுநேரத்துக்குப் பிறகு கந்தப்பு ஒருமுறை விக்கி, காற்றை உள்ளே இழுத்தான். இராசமலர் அப்போதுதான் அழுதாள்.

"ஏணியை ஆர் எடுத்தது?" என்று கதிரவேலு கேட்டார்.

"சறுக்கி விழுந்திட்டுது" என்றார் ஆழ்வாப்பிள்ளை. அவர் சாத்தின ஏணி, இராசமலர் இழுத்துப் போட்ட இடத்தில், கிணற்றுக்கு வெளியே கிடந்தது. இராசமலர் வாய் திறப்பதற்குள் கந்தப்பு கண்ணைத் திறந்தான்.

"ஓம். சறுக்கினதுதான். நான் கண்டனான்."

ஆழ்வாப்பிள்ளைக்கு விளங்கியது. கண்டிருக்கிறான். ஏணி மேலே போவதைக் கீழே கிடந்து பார்த்திருக்கிறான். கூப்பிட மூச்சு வரவில்லை.

தப்பிய வெங்காயத்தை இராசமலர் அன்றே பிடி கட்டி, தமையன் வீட்டுக் கொட்டிலில் கொண்டுபோய்த் தூக்கினாள். தன் சீலைகளையும் ஒரு பொட்டலமாகக் கட்டினாள்.

"அண்ணைக்கு மூச்சு இழுப்பு நிக்குமட்டும் நான் அங்கைதான்."

"எப்ப நிக்கும்?"

"தெரியாது."

படலைவரை பின்னால் போனார். கேட்கக்கூடாதென்று தெரிந்தும் வாய் கேட்டது. "உன்ரை அண்ணை ஏன் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை? மனசிலை என்ன வைச்சிருக்கிறார்?"

அவள் நின்று அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு படலையைச் சாத்திவிட்டுப் போனாள்.

பொழுதுபட்டதும் அவர் அடுப்பில் கிடந்த சாம்பலை அள்ளி, படலையிலிருந்து வாசல்வரை தூவினார். இந்த முறை யாராவது வந்திருக்க வேண்டும் என்றுதான் தூவினார். விடிந்ததும் போய்க் குனிந்து பார்த்தார். சாம்பல் தூவினபடியே கிடந்தது.